சருகுக்கு அடியில் ஒரு கணக்கு: பால்மரத்தோடு பலமரம் வைப்பவர்களுக்கு முழுமையான மண் வழிகாட்டி

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு இருப்பது இரண்டரை ஏக்கர். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், தாத்தா கிராணி வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிப் போட்டது. பாதியில் பழைய பால்மரம் (ரப்பர்), ஒரு ஓரமாகச் செம்பனை, மீதியில் டுரியான், பெத்தாய், வாழை, லெங்குவாஸ் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் நிற்கிறது. நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் பல வருடமாக இந்த மண்ணைத் தோண்டிப் பார்த்து, பரிசோதனைக்கு அனுப்பி, நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். சில தடவை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன்.

போன மாதம் பக்கத்து நிலத்து அண்ணன் வேலி ஓரமாக நின்று கேட்டார்: "தம்பி, பலமரம் சேர்த்து வச்சா மண்ணு தன்னால உரமாயிடுமாமே? உரக்கடைப் பக்கமே போக வேண்டாமாமே?" பாதி சரி அண்ணே என்றேன். சரியில்லாத அந்த இன்னொரு பாதியில்தான் ஆட்கள் காசை விடுகிறார்கள். வேளாண்காடு என்று இப்போது பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் பாட்டி காலத்தில் அதற்குப் பெயரே கிடையாது, லயத்துக்குப் பின்னால் எல்லாரும் அப்படித்தான் நட்டார்கள்.

முதலில் இரண்டு கணக்கைப் பிரியுங்கள்

கார்பன் என்கிற கரிமம் ஒரு கணக்கு. சத்து வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவதால்தான் குழப்பம்.

கரிமம் காற்றிலிருந்து வருகிறது. இலை அதை வாங்குகிறது. அந்த இலை சருகாக விழுகிறது, மெல்லிய வேர்கள் செத்துப் புதிதாக முளைக்கின்றன, உயிருள்ள வேரே கொஞ்சம் சர்க்கரையை மண்ணுக்குள் கசிய விடுகிறது. இவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெரும்பகுதியைத் திரும்பக் காற்றுக்கே மூச்சாக விட்டுவிடுகின்றன. மிஞ்சும் சிறு பங்குதான் களித்துகள்களோடு ஒட்டிக்கொண்டு பல வருடம் நிற்கும். இந்த ஒட்டுகிற பங்கில் சருகைவிட வேருக்குத்தான் கை அதிகம். அது பிறப்பதே மண்ணுக்குள் என்பதால், களியைத் தொட அதற்குத் தூரம் இல்லை.

தழைச்சத்து (நைட்ரஜன்) பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். பயறுக் குடும்பத்துச் செடிகள் சில, வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவின் தயவில் அதைக் காற்றிலிருந்து பிடிக்கும்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மக்னீசியம், சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) ஆகியவற்றைக் காற்றிலிருந்து பிடிக்கும் மரம் எதுவும் கிடையாது. ஆழத்தில் இருப்பதை வேர் இழுத்து இலையில் வைக்கும், இலை விழுந்து மேல்மண்ணில் சேரும். இடம் மாறுகிறதே தவிர, புதிதாக எதுவும் வருவதில்லை. பெட்டியின் அடியில் கிடந்த காசை எடுத்து மேலே வைத்த மாதிரிதான்.

வெளியே போவதைப் பாருங்கள். ஒரு டன் செம்பனைக் குலை லாரி ஏறும்போது அதோடு சுமார் 3 கிலோ தழைச்சத்தும், 3.7 கிலோ சாம்பல்சத்தும், அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மணிச்சத்தும், முக்கால் கிலோ மக்னீசியமும் போகின்றன. ஒரு ஹெக்டரில் வருடம் 20 டன் குலை வெட்டினால் 74 கிலோ சாம்பல்சத்து வாசலைத் தாண்டுகிறது. பால்மரம் இந்த விஷயத்தில் சாது. பாலில் போகும் சத்து இதைவிட எவ்வளவோ குறைவு. வாழைதான் சாம்பல்சத்தை அள்ளிக்கொண்டு போகும் ஆள்.

இரண்டு கணக்கும் ஒரு இடத்தில் சந்திக்கின்றன. மண்ணில் நிலைத்து நிற்கும் மட்கு வெறும் கரிமம் இல்லை. அதில் 1 டன் கரிமம் தங்க, கூடவே ஏறத்தாழ 80 கிலோ தழைச்சத்தும் 20 கிலோ மணிச்சத்தும் 14 கிலோ கந்தகமும் தங்க வேண்டும். பசித்த மண்ணில் எவ்வளவு சருகைக் கொட்டினாலும் அது கரைந்து காற்றோடு போகுமே தவிர, மட்காகச் சேர்வது கொஞ்சம்தான். அண்ணனுக்கு நான் சொன்ன அந்த இன்னொரு பாதி இதுதான். உரத்தையே நிறுத்திவிட்டுக் கரிமம் சேர்க்க முடியாது.

நிலத்தின் பழைய கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கோலகங்சாரில், 1877இல் நட்ட முதல் பால்மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதற்குப் பிறகு ரப்பர் விலை ஏறிய காலத்தில் காடு காடாக வெட்டிச் சாய்த்தார்கள். மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது அன்றைய துரைமார் சட்டம். பெண்கள் குனிந்தபடியே மண்ணைச் சுரண்டிக்கொண்டு போவார்கள். வெறும் மண் மேல் மழை விழுந்து, மேல்மண் ஆற்றுக்குப் போனது. 1920, 30களில் பாதிப்பு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் மண்ணை மூடிப் படரும் மூடுபயிர் விதைக்கும் வழக்கம் பரவியது. பேராக்கில் நீங்கள் பழைய தோட்ட நிலம் வாங்கியிருந்தால், அநேகமாக நீங்கள் வாங்கியது மேல்மண் போய் மிஞ்சிய இரண்டாவது மண்.

எதிலிருந்து எதற்கு மாறுகிறோம் என்பதை முதலில் கேட்பது இதனால்தான். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த ஒரு கட்டுரை சொல்வது இது: வெறும் பயிர் நிலத்தை வேளாண்காடாக மாற்றியபோது மேல் 30 சென்டிமீட்டரில் கரிமம் சராசரியாக 40 விழுக்காடு கூடியது. காட்டை அழித்து வேளாண்காடு வைத்தபோது அதே ஆழத்தில் 24 விழுக்காடு குறைந்தது. உங்கள் நிலத்து மூலையில் பெலுக்கார் என்கிற இளங்காடு மண்டிக் கிடந்தால் அதை வெட்டி "இயற்கைத் தோட்டம்" போடாதீர்கள். அது ஏற்கெனவே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. தெலுக் இந்தான் பக்கம் போல, பாதி மட்கிய செடிகொடியே மண்ணாகக் கிடக்கும் கரிச்சதுப்பு நிலமாக இருந்தால் கதையே வேறு. அங்கே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கினாலே மண் கரைந்து தாழ்ந்துகொண்டு போகும். எந்த மரம் நட்டும் அதை ஈடுகட்ட முடியாது. கீழே சொல்வதெல்லாம் மேட்டு நிலச் செம்மண்ணுக்கு.

முதல் படி: மூன்று குழி

காசு செலவு இல்லாத படி, ஆனால் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் ஒரு முழ ஆழம் தோண்டுங்கள். ஒன்று பலமரம் நிற்கும் சருகுப் பக்கம், ஒன்று பால்மர நிரைக்கு நடுவே, ஒன்று மோட்டார்சைக்கிள் போகும் பாதையில்.

போன மார்ச்சில் நான் தோண்டியதைச் சொல்கிறேன். பெத்தாய் மரத்தடியில் மேலே காய்ந்த இலை. அதைத் தள்ளினால் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, கொசுவலை மாதிரி. அதற்கும் கீழே ஈரமாக, இலை என்றே அடையாளம் தெரியாத கறுப்பு. வெள்ளை நூல் போல் பூஞ்சை இழை இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்திருந்தது. போன பருவத்தில் வெடித்த பால்மரக் கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு மண்புழு சுருண்டு கிடந்தது. மண் பொலபொலவென்று சோளப்பொரி மாதிரி உதிர்ந்தது. கறுப்பு நிறம் நான்கு விரற்கடை இறங்கி, பிறகு மெல்ல மஞ்சள் சிவப்பாக மாறியது. பாதையில் தோண்டியபோது மண்வெட்டி "டங்" என்றது. மேலிருந்து கீழ் வரை ஒரே செங்கல் நிறம், தட்டுத் தட்டாக உடைந்தது, வேர் ஒன்றுகூட இல்லை.

மூன்று குழியிலிருந்தும் சுண்டைக்காய் அளவு கட்டிகளை எடுத்து நிழலில் காயவைத்து, மூன்று கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். மட்கு பசையாகப் பிடித்திருக்கும் கட்டி அப்படியே உட்கார்ந்திருக்கும். பாதைக் கட்டி தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி கரைந்து சேறாகும். அப்படிக் கரைகிற மண்தான் மழைக்கும் கரைகிறது. அதனோடு கரிமமும் சத்தும் சேர்ந்தே போகின்றன.

இரண்டாம் படி: பால் டின்னால் அளப்பது

பலபேர் மண் பரிசோதனைத் தாளில் கரிமம் எத்தனை விழுக்காடு என்று மட்டும் பார்ப்பார்கள். அது போதாது. எவ்வளவு மண்ணில் அத்தனை விழுக்காடு என்பதும் தெரிய வேண்டும். அதற்கு மண்ணின் அடர்த்தி வேண்டும்.

கெட்டிப்பால் டின் ஒன்றை எடுத்து இரண்டு மூடியையும் வெட்டிவிடுங்கள். வெட்டுவதற்கு முன்பே தண்ணீர் ஊற்றி அளந்து, எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சருகை ஒதுக்கிவிட்டு டின்னை மண்ணில் வைத்து, மேலே ஒரு பலகைத் துண்டு போட்டு, சுத்தியலால் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். விளிம்பு வரை இறங்கியதும் சுற்றித் தோண்டி எடுத்து, இரண்டு பக்கமும் கத்தியால் மட்டமாகச் சீவுங்கள். உள்ளே இருக்கும் மண்ணை அடுப்பில் 105 பாகையில் ஒரு நாள் காயவைத்து எடை போடுங்கள். 400 மில்லிலிட்டர் டின்னில் 480 கிராம் காய்ந்த மண் இருந்தால் அடர்த்தி 1.2. லேட்டரைட் சரளைக்கல் நிறைய இருந்தால் சலித்துக் கல்லைக் கழியுங்கள், கல்லில் கரிமம் இல்லை.

இனிக் கணக்கு சுலபம். அடர்த்தியைச் சென்டிமீட்டர் ஆழத்தாலும் கரிம விழுக்காட்டாலும் பெருக்கினால் ஹெக்டருக்கு எத்தனை டன் என்று வந்துவிடும். அடர்த்தி 1.2, ஆழம் 30, கரிமம் 1.5 விழுக்காடு என்றால் 54 டன். இரண்டரை ஏக்கர் கிட்டத்தட்ட ஒரு ஹெக்டர்தான், எங்களுக்கு அந்த வசதி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நான் அதில் விழுந்து, ஐந்து வருட உழைப்பு வீண் என்று ஒரு வாரம் வருத்தப்பட்டேன். எண்களை உதாரணத்துக்காக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அளவில் அடர்த்தி 1.3, கரிமம் 1.5 விழுக்காடு. 30 சென்டிமீட்டரில் 58.5 டன். ஐந்து வருடம் கழித்து மண் பொலபொலத்து அடர்த்தி 1.1 ஆகிவிட்டது, கரிமம் 1.7 விழுக்காடாக ஏறிவிட்டது. பெருக்கினால் 56.1 டன். கரிமம் ஏறியிருக்கிறது, கணக்கோ குறைந்ததாகச் சொல்கிறது. மண் உப்பிவிட்டதால், அதே 30 சென்டிமீட்டரில் இப்போது குறைந்த மண்தான் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். பழைய எடை மண்ணை எட்ட இப்போது 35.5 சென்டிமீட்டர் வரை போக வேண்டும். அந்தக் கூடுதல் ஐந்தரை சென்டிமீட்டரில் கரிமம் 1.2 விழுக்காடு என்று வைத்தால் மொத்தம் 63 டன்னைத் தாண்டும். எனவே ஒப்பிடும்போது ஆழத்தை ஒப்பிடாதீர்கள், மண்ணின் எடையை ஒப்பிடுங்கள்.

மூன்றாம் படி: மாதிரி எடுத்து அனுப்புவது

எல்லா இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மட்டை அடுக்கிய இடம், மரத்தடி வட்டம், நிரை நடு, பாதை என்று தனித்தனிப் பை. ஒவ்வொன்றிலும் வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடத்தில் எடுத்து, ஒரு வாளியில் கலந்து, அரைக் கிலோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 15 சென்டிமீட்டர் ஒரு பை, 15 முதல் 30 வரை வேறொரு பை. உரம் போடுவதற்கு முன்னால் எடுங்கள். எடுத்த மாதத்தை எழுதி வையுங்கள்.

மாவட்ட விவசாய இலாகாவில் கேட்டால் எங்கே அனுப்புவது என்று வழி சொல்வார்கள். தாள் வந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, எழுதியிருப்பது கரிமமா, கரிமப் பொருளா? கரிமப் பொருள் என்றால் 1.72ஆல் வகுக்க வேண்டும். இரண்டு, வாக்லி பிளாக் முறையா, எரித்து அளக்கும் முறையா? முன்னது பழைய முறை, கரிமத்தில் முக்கால் பங்கைத்தான் பிடிக்கும். அதைத் திருத்த 1.3ஆல் பெருக்குவார்கள். பெருக்கினார்களா இல்லையா என்று தெரியாமல் இரண்டு வருடத் தாளை ஒப்பிட்டால் இல்லாத வளர்ச்சி தெரியும். ஒரு பரிசோதனைக்கூடத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. இடையில் முறையை மாற்றிவிட்டு யாரும் சொல்லவில்லை.

நான்காம் படி: புளிப்பைப் படியுங்கள்

நம் பக்கத்து மேட்டு மண்ணின் அமிலக் காரக் குறியீடு (pH) பெரும்பாலும் 4க்கும் 5க்கும் நடுவில். சிம்மோர் பக்கம் கந்தான் சுண்ணாம்புக் குன்றைப் பார்த்துவிட்டு, நம் மண்ணிலும் சுண்ணாம்பு இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. குன்று அங்கே இருக்கிறது. நம் காலடியில் கருங்கல்லும் களிப்பாறையும் மழையில் மட்கி, சுண்ணாம்பெல்லாம் கழுவிப்போன மண். 5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும்.

இந்தச் செம்மண்ணுக்கு ஒரு விசித்திர குணம். சிவப்பு நிறம் தருகிற அதே இரும்பு ஆக்சைடுதான் மட்கைப் பிடித்து வைத்து நமக்கு நல்லது செய்கிறது. அதே இரும்பும் அலுமினியமும்தான் மணிச்சத்தையும் பிடித்துப் பூட்டி வைத்து, மரத்துக்குத் தராமல் அழிச்சாட்டியம் பண்ணுகின்றன. சருகு மட்கும்போது வரும் கரிம அமிலங்கள் அந்தப் பூட்டின் இடத்தைக் கொஞ்சம் அடைத்துக்கொள்வதால் மணிச்சத்துக்கு வழி கிடைக்கிறது. வேரில் ஒட்டி வாழும் பூஞ்சைகளும் எட்டாத இடத்திலிருந்து அதை எடுத்து வந்து கொடுக்கின்றன. பலமரம் வைப்பதில் எனக்குப் பிடித்த லாபம் இதுதான், கரிமத்தை விடவும்.

செய்ய வேண்டியது: பால்மரத்துக்குச் சுண்ணாம்பு வேண்டாம், அது புளிப்பைத் தாங்கும். டுரியானுக்கும் காய்கறிக்கும் டோலமைட் தூள் போடுங்கள், மக்னீசியமும் சேர்ந்து வரும். குழிக்குக் கிறிஸ்மஸ் தீவுப் பாறை பாஸ்பேட் போடும் வழக்கம் நல்ல வழக்கம். அது கரைவதே புளிப்பு மண்ணில்தான். அதனால் அதே குழியில் அதே நாளில் டோலமைட்டையும் கொட்டாதீர்கள்.

ஐந்தாம் படி: மரத்தைச் சருகைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பழம் என்ன விலை போகும் என்று பார்த்து மரம் வைப்பது இயற்கை. அதோடு அதன் இலை எவ்வளவு சீக்கிரம் மட்கும் என்றும் பாருங்கள். சருகில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 பங்குக்கு மேல் கரிமம் இருந்தால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைத் தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். பயிர் வெளுக்கும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, வாழையிடம் கற்றேன். பலகை ஆலையில் மரத்தூள் சும்மா கிடைக்கிறது என்று நான்கு லாரி இறக்கி, வாழையைச் சுற்றி முழங்கால் உயரம் கொட்டினேன். மண்ணுக்குக் கரிமம் சேரும் என்று சந்தோஷம். இரண்டு மாதத்தில் இலையெல்லாம் மஞ்சள். மரத்தூளில் ஒரு பங்குக்குச் சில நூறு பங்கு கரிமம் இருக்கிறது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா, வாழைக்குச் சோறு போடச் சொன்னா வைக்கோலைப் போட்டிருக்கே" என்றார். தூளை வாரிக் கோழிச்சாணத்தோடு சேர்த்து ஒரு வருடம் குவித்து வைத்த பிறகுதான் அது எரு ஆனது.

கிளைரிசிடியா என்கிற பயறுக் குடும்பத்து மரத்தின் இலை சில வாரங்களிலேயே மட்கித் தழைச்சத்தை விடும். நல்லதுதான், ஆனால் வேர் வாங்கத் தயாராக இல்லாவிட்டால் மழை வாங்கிக்கொண்டு போகும். பால்மரச் சருகு நிதானம். செம்பனை மட்டை, மூங்கில் இலை ரொம்ப நிதானம், ஆனால் மண்ணை மூடி நிற்கும். வேகமானதும் மெதுவானதும் கலந்து விழுகிற மாதிரி நடுவதுதான் சூட்சுமம்.

பயறுக் குடும்பம் என்றாலே தழைச்சத்து பிடிக்கும் என்று நம்பிவிடாதீர்கள். புளியமரமும் கொன்றையும் அந்தக் குடும்பம்தான், வேர்முடிச்சு விடுவதில்லை. சந்தேகமா, இளம் செடி ஒன்றைப் பெயர்த்து முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஆறாம் படி: எங்கே, எப்போது நடுவது

மறுநடவு செய்த இளம் பால்மரம் என்றால் முதல் மூன்று நான்கு வருடம் நிரைக்கு நடுவே வெயில் இருக்கும். அந்தக் காலத்தில் மண் வெறுமையாகக் கிடந்தால், பழைய மரத்தின் வேரும் குப்பையும் மட்கி வரும் சத்து முழுவதும் மழையோடு போகும். பியூராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசிமா கலந்து விதைத்த மூடுபயிர் நன்றாக வந்தால் ஹெக்டருக்கு வருடம் 150 கிலோ வரை தழைச்சத்து பிடிக்கும். மியூகுனா பிராக்டியாட்டா இன்னும் வீரியம். இந்தியாவிலிருந்து 1990களில் இங்கே பரவியது. ஆனால் ஆள் இல்லாத நிலத்தில் அதை விடாதீர்கள். ஒரு மாதம் பார்க்காமல் விட்டால் கன்றைக் காணோம், பச்சை மேடுதான் இருக்கும்.

குடும்பத்துக்கு உடனே காசு வேண்டும் என்றால் ஒரு நிரை விட்டு ஒரு நிரை வாழை போடலாம், கன்றிலிருந்து எட்டடி தள்ளி. தண்டையும் இலையையும் வெட்டி அங்கேயே போடுங்கள், தார் மட்டும் வெளியே போகட்டும். மரவள்ளியை நான் சேர்ப்பதில்லை. சாம்பல்சத்தை உறிஞ்சும், பிடுங்கும்போது மண்ணைக் கிளறும், பால்மரத்தை விழுத்தாட்டும் வெள்ளை வேர் நோய்க்கும் அது இடம் கொடுக்கும். சரிவில் இஞ்சியும் அப்படித்தான், மண்ணோடு சேர்த்துத்தான் அறுவடை.

பழைய பால்மரத்துக்குள் நடுவது வேறு வேலை. மரம் விழுந்து வெளிச்சம் இறங்கும் இடைவெளிகளில் மட்டும் பழமரம் வையுங்கள். அடர்ந்த ஈர நிழலில் டுரியான் வேண்டாம். பைட்டோப்தோரா என்கிற, பூஞ்சை போன்ற நோய்க்கிருமி பால்மரத்தின் வெட்டுப்பட்டையையும் பிடிக்கும், டுரியான் அடிமரத்தையும் பிடிக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும். நிழலில் பாண்டான், லெங்குவாஸ், லிபேரிகா காப்பி நன்றாக வரும். ரப்பருக்கு முன்னால் இந்த மண்ணில் காப்பித் தோட்டங்கள் இருந்தன என்பது பலருக்கு மறந்துவிட்டது.

செம்பனைக்குள் நுழைவதுதான் கஷ்டம். கூரை மூடிவிட்டால் கீழே வெளிச்சம் இல்லை. சுமத்ராவின் ஜாம்பியில் 2013இல் ஒரு பெரிய செம்பனைத் தோட்டத்துக்குள் 52 மரத்தீவுகளை உண்டாக்கினார்கள். சில பனையை வெட்டி வெளிச்சம் விட்டு, அங்கே நாட்டு மரங்களை நட்டார்கள். ஐந்து வருடம் கழித்து உயிரினங்களும் மண்ணின் வேலைகளும் மேம்பட்டன, தோட்டம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் விளைச்சல் குறையவில்லை. எங்கள் மாதிரிச் சிறு நிலத்துக்கு அதில் எடுத்துக்கொள்ளக் கூடியது, வருடக் கணக்காகக் குலை குறைந்த நான்கு பனையைச் சேர்த்து எடுத்துவிட்டு, அந்த மூலையை மரங்களுக்குக் கொடுப்பது.

ஏழாம் படி: வருடம் முழுக்கச் செய்வது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பால்மரம் இலை உதிர்க்கும். நடந்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். இந்தக் காலத்தில் கை சும்மா இருக்க மாட்டாமல் கூட்டிக் கொளுத்துவது பழைய பழக்கம். கொளுத்தினால் கரிமமும் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போகும். சாம்பலில் மிஞ்சும் சாம்பல்சத்தை அடுத்த மழை அடித்துக்கொண்டு போகும். போதாததற்குத் திறந்தவெளியில் எரிப்பது சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். பால் வெட்டுகிறவர்கள் நடக்கிற தடத்தை மட்டும் ஒதுக்குங்கள். பால் பிடிக்கும் மங்குக்குள் சருகு விழுகிறது என்றால் மரத்தைச் சுற்றி ஓரடி தள்ளிவிடுங்கள், அது போதும்.

ஏப்ரல், மே மழையில் அந்தச் சருகு மட்கிச் சத்தை விடும்போது மரமும் புது இலையோடு பசித்திருக்கும். கிளைரிசிடியாவைப் பாராங்கத்தியால் கழிப்பதை இதற்கு ஓரிரு வாரம் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். இலை மரத்தடிக்கு, தடிக் கிளை சரிவுக்குக் குறுக்கே. ஒரேயடியாக மொட்டை அடிக்காதீர்கள். மேலே வெட்டினால் கீழே மெல்லிய வேரும் கொஞ்சம் சாகும். அது மண்ணுக்கு உணவுதான், ஆனால் மரம் திரும்பத் தழைக்க நாள் பிடிக்கும்.

யூரியாவைச் சருகின் மேல் தூவினால் அதன் தழைச்சத்தில் பாதி வரைகூட அம்மோனியாவாகப் பறந்துவிடலாம், மூக்கே சொல்லும். சருகை விலக்கி, ஈர மண்ணில் போட்டு, திரும்ப மூடுங்கள். பேய்மழைக்கு முன்தினம் எந்த உரமும் வேண்டாம்.

மோட்டார்சைக்கிளுக்கு ஒரே பாதை வையுங்கள். சுருக்கு வழி என்று பத்துப் பாதை போட்டால் பத்து இடமும் செங்கல்லாகும். செம்பனை மட்டையைச் சரிவுக்குக் குறுக்காக அடுக்குங்கள், மேலிருந்து வரும் மண்ணை அது பிடிக்கும். மரத்தடியில் லாலான் புல்லையும் கட்டைச் செடியையும் எடுத்துவிட்டு, மெல்லிய புல்லையும் பெரணியையும் விட்டுவிடுங்கள். பாட்டி பார்த்தால் திட்டுவார், அவர் காலத்தில் வேலையை மேற்பார்த்த தண்டல் அப்படி மிரட்டி வைத்திருந்தார்.

எட்டாம் படி: விற்றதைத் திருப்பிக் கட்டுவது

வருடக் கடைசியில் ஒரு தாள் எடுங்கள். எத்தனை டன் குலை, எத்தனை தார் வாழை, எத்தனை கூடை டுரியான் வெளியே போனது என்று எழுதுங்கள். முதலில் சொன்ன கணக்கின்படி ஐந்து டன் குலை போயிருந்தால் பதினெட்டு, பத்தொன்பது கிலோ சாம்பல்சத்து திரும்ப வர வேண்டும். பழத்தைப் பிரித்தெடுத்த வெறுங்குலை ஆலையிலிருந்து கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, சாம்பல்சத்தும் மூடாக்கும் ஒன்றாக வரும். ஒரே அடுக்காகப் பரப்புங்கள், குவித்தால் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். கோழிச்சாணம் மணிச்சத்துக்கு நல்லது, மட்கியதாக வாங்குங்கள். பச்சையாக இறக்கினால் ஈ மொய்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

தழைச்சத்து உரத்தைத்தான் பலமரத் தோட்டத்தில் தைரியமாகக் குறைக்கலாம். அதுவும் வேர்முடிச்சு இளஞ்சிவப்பாக இருந்தால், இலை பச்சையாக இருந்தால். சாம்பல்சத்தையும் மக்னீசியத்தையும் குறைப்பதற்கு முன் பரிசோதனைத் தாளைப் பாருங்கள். செம்பனையில் வெயில் படும் பழைய மட்டைகள் ஆரஞ்சு மஞ்சளாக மாறி, நிழல் பட்ட ஓலை மட்டும் பச்சையாக நின்றால் மக்னீசியம் குறைவு.

திரும்ப அளப்பது

அடுத்த வருடமே அளந்து ஏமாறாதீர்கள். மண்ணில் ஏற்கெனவே ஐம்பது அறுபது டன் கரிமம் கிடக்கும்போது, ஒரு வருடத்தில் சேரும் சிறு அளவு, மாதிரி எடுக்கும் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். ஐந்து வருடம் கழித்து, அதே மாதத்தில், அதே இடங்களில், அதே டின்னால், முடிந்தால் அதே பரிசோதனைக்கூடத்தில். கட்டி கரையும் சோதனையும் தண்ணீர் இறங்கும் வேகமும் மட்டும் இரண்டு வருடத்திலேயே வித்தியாசம் காட்டும்.

மண்ணில் சேர்த்த கரிமத்துக்குக் கிடைக்கும் கரிம வரவை (கார்பன் கிரெடிட்) விற்றுத் தருகிறேன் என்று ஆட்கள் வருவார்கள். பங்குச் சந்தையான பூர்சா மலேசியா 2022 டிசம்பரில் கரிமச் சந்தை தொடங்கியதிலிருந்து இந்தப் பேச்சு ஊரில் அதிகம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டரில் வருடம் அரை டன் கரிமம் மண்ணில் சேர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 3.67ஆல் பெருக்கினால் 1.8 டன் கரியமில வாயு. அதைச் சந்தை நம்பும்படி அளந்து, சரிபார்த்து, சான்று வாங்கும் செலவுக்கே அந்த வரவு காணாது. நூறு பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவாகப் போனால் பேசலாம். தனி ஆளிடம் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

டின்னின் வெளிப்புறத்தில் அதன் கொள்ளளவையும் முதல் மாதிரி எடுத்த தேதியையும் ஆணியால் கீறி வையுங்கள். பேனா மை எங்கள் வீட்டுக் கொட்டகை ஈரத்தில் ஆறே மாதத்தில் அழிந்துவிட்டது.